அழைத்தும் வராதவர்

1974ஆம் ஆண்டு நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விடியலில் நின்றிருந்தது. வானம் வெளுக்கவில்லை, கடற்பக்கத்திலிருந்து ஈரக்காற்று விட்டுவிட்டு வீசிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டிப் பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னே தனி வட்டாட்சியர் ஸம்பத்குமாரின் கார் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

ஸம்பத்குமார் உள்ளிருந்து பிடியை இழுத்தார். ஓட்டுநர் கோபால் இறங்கி வந்து வெளியிலிருந்து இழுத்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தனர். கதவு இருவரையும் பொருட்படுத்தவில்லை.

முற்றத்தில் கூடியிருந்தோர் அனைவரும் நிலத்துக்காரர்கள். தொழிற்பேட்டைக்காக அவர்களுடைய நிலங்களை எடுத்துக்கொள்ளப் போவதாக அரசு அறிவித்திருந்தது. ஆட்சேபணை உடையவர்களை நேரில் கேட்டு, எழுதி, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதற்காகவே அவர் திருவள்ளூரிலிருந்து வந்திருந்தார். தங்கள் நிலத்தை எடுக்க வந்தவர் தம் காரைவிட்டு இறங்க முடியாமல் இருப்பதை அவர்கள் மிகுந்த மரியாதையுடன் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"இந்தப் பக்கமா நவுந்து வந்துடுங்க ஸார்," என்றார் கோபால்.

கோப்புக் கட்டுகளின்மேல் ஏறி, மறுபக்கக் கதவு வழியாக ஸம்பத்குமார் இறங்கினார். நெற்றித் திருமண் கலையவில்லை, சட்டை கசங்கிவிட்டது. அவர் எவரையும் ஒருமையில் அழைக்காதவர். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும்.

"கோபால், இதை எத்தனை நாளா உங்ககிட்டச் சொல்லிண்டிருக்கேன்?"

"டெய்லி எண்ண வுட்டுக்கினுதான் கீறேன் ஸார்."

"என்ன எண்ணெய்?"

"கடல எண்ண ஸார்."

"அது அப்பளம் பொரிக்கறதுக்கு. நான் திரும்பி வரச்சே இந்தக் கதவு சரியா இருக்கணும். யாரை வெச்சுப் பண்ணுவேளோ, பண்ணுங்கோ. ரசீது வாங்கிடுங்கோ."

இதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே சென்றார். பின்னாளில், அந்தப் பகலில் தாம் பேசிய எல்லாவற்றிலும் இந்த உத்தரவையே அவர் அடிக்கடி நினைத்துக்கொண்டார். அதில் குற்றம் எதுவும் இல்லை என்பதே அவரை உறுத்தியது.

அந்தக் கார் வேறோர் அலுவலகம் கழித்துக் கொடுத்த பழைய அம்பாசடர். கோபால் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"யாருனா மெக்கானிக்கு கீறீங்களா?"

"மெக்கானிக்கு இன்னாத்துக்கு நைனா? அவன் எஞ்சினத்தான் பாப்பான். கதவுன்னா டிங்கருதான்," என்று ஒருவர் முன்னே வந்தார். அவர் பெயர் தேசப்பன். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் பெருஞ்சாலையில், லாரிப் பட்டறை ஒன்றில் தகரம் தட்டி நிமிர்த்துபவர். அவருடைய தகப்பனார் பிறர் வயலில் கூலிக்கு உழுதவர். தேசப்பன் வாங்கியிருந்ததோ வயல் அன்று. அந்தப் பெருஞ்சாலையை ஒட்டிய ஒரு நீளத் துண்டு. அதில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டு, பிறருக்குச் செய்த வேலையைத் தமக்காகச் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். தொழிற்பேட்டையின் எல்லைக்கோடு அந்தத் துண்டையும் சேர்த்து வளைத்துவிட்டது. சாலையோரத் துண்டுகளை வட்டாட்சியர் பரிந்துரைத்தால் மேலிடம் விட்டுவிடுவதுண்டு. அதைக் கேட்பதற்கே அவர் வந்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொற்பிசகாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தார்.

"ஒன்னைய எப்ப கூப்புடுவாங்கோ?" என்றார் கோபால்.

"சர்வே நம்பர்படிதானாம். நம்மளுது சாப்பாட்டுக்கு அப்பறம்தான் வரும்னு கணக்குப்பிள்ள சொன்னாரு."

"அப்ப கைய வையி. முன்னாடியே வந்துச்சுன்னா நான் கொரல் குடுக்கறேன்."

"அய்யா காரு ஆச்சே, ரிப்பேரா வுட முடியுமா? அவருக்கும் நம்ம வேல தெரியட்டும்," என்றார் தேசப்பன். இதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தம் கைவேலையைக் கண்ட அதிகாரி, கொட்டகைக்கு இடம் கேட்கும்போது 'இவருக்கு எதற்குக் கொட்டகை?' என்று கேட்கமாட்டார் அல்லவா?

மிதிவண்டியில் தொங்கிய பையிலிருந்து கருவிகளை எடுத்தார். கதவின் உட்பிடியையும் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியையும் கழற்றினார்; உட்புற அட்டையைக் கீறல் விழாமல் நெம்பி எடுத்துச் சுவரில் சாய்த்தார். கதவின் வயிற்றுக்குள் முகத்தை வைத்து மோந்து பார்த்தார்.

"இன்னா நைனா, உள்ள போண்டாக் கட வச்சிக்கினு கீறியா?"

"ஏன்?"

"நீ வுட்ட எண்ணயெல்லாம் ரோட்டுப் புழுதியோட சேந்து அல்வா மாரி கெட்டியா ஒக்காந்துகீது. இதுல பூட்டு எப்டி அசயும்? உனுக்கே சளி புட்சா மூச்சு வுடுவியா?"

"வண்டி ஓட்றவன் நானு. வைத்தியம் பாக்கறவன் நீ. பாரு."

"மண்ணெண்ண வோணும். போயி வாங்கினு வா. அப்டியே எனுக்கு ஒரு டீ."

கோபால் மண்ணெண்ணெய் வாங்கிவந்து கொடுத்தார். டீயை ஆளனுப்பி வாங்குவதைவிடக் கடையிலேயே உட்கார்ந்து தாமும் குடித்துவிட்டு வாங்கிவரலாம் என்று மறுபடியும் போனார். அந்தக் கடையில் செய்தித்தாள் இருந்தது.

தேசப்பன் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, கெட்டிப்பட்டதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். உள்ளே ஒரு கம்பி வளைந்திருந்தது, அதை நிமிர்த்தினார். பூட்டின் நாக்கு அசையத் தொடங்கியது. ஆனால் தானாகத் திரும்பி வரவில்லை. அதைத் திருப்பி இழுக்கும் சுருள்கம்பி, கொக்கியிலிருந்து நழுவிக் கிடந்தது. அதனை மீண்டும் மாட்டுவதே வேலையின் கடைசிக் கட்டம். இடக்கையின் இரு விரல்களால் சுருளின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மறுமுனையைக் கண்ணுக்குத் தெரியாத கொக்கியில் தடவித் தடவி மாட்ட வேண்டும். விட்டால் சுருள் கதவின் அடியாழத்தில் விழுந்துவிடும். பிறகு கதவையே பெயர்த்தெடுக்க வேண்டியதுதான்.

உள்ளே அன்று வேலை வழக்கத்துக்கு மாறாக விரைந்தது. ஒரே குடும்பத்துப் பங்காளிகள் சேர்ந்து ஒரே வாக்குமூலம் கொடுத்தனர். அவர்களுக்கு அடுத்திருந்தோர் சிலர் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சாலையோரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் தம் துண்டை விட்டுவிடுமாறு கேட்டார். ஸம்பத்குமார் முழுவதும் கேட்டு, நியாயம் என்று கண்டு, விலக்கு அளிக்கலாம் என எழுதிக்கொண்டார். உச்சிவேளைக்கு முன்பே தேசப்பனுடைய எண் வந்துவிட்டது.

வட்டாட்சியரின் சேவகரான டவாலி தாழ்வாரத்துக்கு வந்து அவர் பெயரைக் கூவினார். முறைப்படி மூன்று முறை கூவ வேண்டும்.

முதல் அழைப்பில் தேசப்பன் திடுக்கிட்டார். அப்போது சுருள் அவர் விரலிடுக்கில் இருந்தது. "கோபால் நைனா!" என்று குரல் கொடுத்தார். கோபால் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்தார். இரண்டாம் அழைப்பில், கொக்கி அகப்பட்டுவிடும் போலிருந்தது. திறந்த பூட்டை மூடாமல் நகரக் கூடாது என்பது பட்டறை வழக்கம். பாதியில் விட்டதை வேறொருவர் கெடுத்தாலும் பழி முதலில் தொட்டவர்மேல்தான். அதிலும் அந்தக் கார், அழைப்பவருடைய கார். மூன்றாம் அழைப்பில், "தோ வரேன்! இங்கதான் கீறேன்! கை மாட்டிக்கினு கீது!" என்று கதவுக்குள்ளிருந்து கத்தினார். சாலையில் ஒரு லாரி போயிற்று.

டவாலி உள்ளே வந்தார்.

"எங்கியோ ஒரு கொரல் கேக்குது ஸார். வரேன்னு சொல்றாப்ல இருக்கு. ஆளக் காணோம்."

"குரலுக்கு ஆஜர் போட முடியாது," என்றார் ஸம்பத்குமார். ஆயினும் அவர் அவசரக்காரர் அல்லர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, விதி கேட்பதைவிடச் சற்று அதிகமாகவே காத்திருந்தார். பிறகு 'மும்முறை அழைத்தும் வரவில்லை' என்று எழுதினார். கணக்குப்பிள்ளையும் பஞ்சாயத்துத் தலைவரும் சாட்சிக் கையெழுத்திட்டனர். அடுத்த பெயர் அழைக்கப்பட்டது.

மை உலர்வதற்குள் தேசப்பன் வாசலில் நின்றார். முழங்கைவரை கரி. வேட்டியில் துடைத்துத் துடைத்தும் போகாத மண்ணெண்ணெய் வாசனை அவருக்கு முன்பாகவே அறைக்குள் நுழைந்தது.

"தேசப்பன் ஸார். கூப்ட்டீங்களே."

"உங்களை அழைச்சு முடிஞ்சாச்சு. எங்கே போயிருந்தேள்?"

"எங்கயும் போவல ஸார். ஒங்க காரு கதவுக்குள்ளதான் இருந்தேன்."

அறை முழுவதும் சிரித்தது. ஸம்பத்குமார் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் அந்தக் கணமே விளங்கிவிட்டது: குரல், அது வந்த இடம், அதை அங்கே அனுப்பியவர்.

தலைமை எழுத்தர் ராஜமாணிக்கம் குனிந்து காதோடு சொன்னார்: "ஒரே ஒரு வரி ஸார். அடிச்சிட்டு, ஓரத்துல சின்னக் கையெழுத்து போட்டுட்டா முடிஞ்சுது. சாட்சிக்காரங்க ரெண்டு பேரும் இங்கியே கீறாங்க. ஆளு எதிர்லயே நிக்கறாரு."

ஸம்பத்குமார் பேனாவைக் கையில் எடுத்தார். பின்வரிசையில், காலையில் ஆட்சேபணை சொல்லிப் பயனில்லை என்று அறிந்துகொண்ட முதியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"அட, மொதல்லயே தெரியாம போச்சே. நாமளும் ஆளுக்கொரு சக்கரத்தக் கழுவி வுட்டுருந்தா, நெலம் ஊட்டுக்கு வந்துருக்கும்."

பேனா மேசைக்குத் திரும்பிற்று.

அந்த முதியவர் சொன்னது நியாயமன்று. ஆனால் அப்படிச் சொல்ல இடமிருந்தது. தம் காரைப் பழுதுபார்த்தவருக்காகத் தாம் கையெழுத்திட்ட ஏட்டைத் தாமே திருத்திய அதிகாரி என்று நாளை ஒருவர் சொன்னால், மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கதவைத் தேசப்பன் தொடாதிருந்தால் அந்த வரியை அடித்திருக்கலாம். தொடாதிருந்தால் அடிக்க வேண்டிய வரியே இருந்திராது.

"தேசப்பன், முடிச்ச நடவடிக்கையை நான் திருத்தப்படாது," என்றார். "ஒரு மனு எழுதிக் கொடுங்கோ. மறுவிசாரணைக்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்கு நானே எழுதறேன்."

"நீங்களே எழுதறீங்களா ஸார்?"

"நானே."

"அது போதும் ஸார்," என்றார் தேசப்பன். அவர் முகத்தில் ஐயம் சிறிதும் இல்லை. வெளியே வந்து, "பாத்தியா நைனா? டீய ஆற வச்சிக் குடுத்தாலும் உன்னால நமக்கு நல்லதுதான் நடந்துச்சு," என்று கோபாலின் முதுகில் தட்டினார். கூலி கொடுக்கப்பட்டது, ரசீது பெறப்பட்டது. அதிலும் முறை தவறவில்லை. மாலையில் ஸம்பத்குமார் ஏறிக் கதவைச் சாத்தியபோது, அது ஒரு விரலுக்கு அடங்கியது.

விசாரணை அறிக்கை மறுநாள் காலையிலேயே மேலிடத்துக்குப் போயிற்று. அறிக்கைகளை அவர் ஒருபோதும் தாமதித்ததில்லை. தாமதித்தது அந்தக் கடிதம்.

முதல் வரைவில் காரைப் பற்றி ஒன்றும் இல்லை: 'தவிர்க்க இயலாத காரணத்தால் வர இயலவில்லை' என்று இருந்தது. படித்துப் பார்த்தார். பொய் இல்லை, உண்மையும் இல்லை. கிழித்தார். இரண்டாம் வரைவில் எல்லாவற்றையும் எழுதினார். காரும் கதவும் சுருளும் வந்ததும், கடிதம் ஒரு கைம்மாறுபோல் ஒலித்தது. படிப்பவர் புருவத்தை உயர்த்துவதை அவரால் காண முடிந்தது. அதையும் கிழித்தார். மூன்றாவதில் குற்றம் தம்முடையதே என எழுதினார். அது தம்மை உயர்த்திக்காட்டுவதற்காக எழுதியதுபோல் இருந்தது. அலுவலகத்தில் எழுதினார், வேப்பம்பட்டில் நில அளவை நடந்த நாளில் மரத்தடியில் எழுதினார், வீட்டுக்கும் கொண்டுவந்து எழுதினார்.

மாலை விளக்கேற்ற வந்த அவர் மனைவி அரவிந்தவல்லி கேட்டார்: "இன்னமும் அதே கடுதாசிதானா?"

"தப்பர்த்தம் வராம இருக்கணும்."

"யாருக்கு வராம? அவருக்கா, உங்களுக்கா?"

அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதறேன்னு சொன்னேளே. அவர் நீங்க எழுதியாச்சுன்னு நெனச்சுண்டிருப்பர்," என்று சொல்லிவிட்டு அரவிந்தவல்லி உள்ளே போனார்.

இறுதியில் கடிதம் குறையின்றி அமைந்தது. கூட்டவோ குறைக்கவோ ஒரு சொல் இல்லை. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்திருந்தது. அவர் கோவிலுக்குப் போய்வந்த கையோடு அதனைத் தாமே தபாலில் சேர்த்தார்.

பொங்கலுக்குப் பின் விடை வந்தது. கடிதம் கிடைப்பதற்கு முன்பே அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. வராதவருடைய ஆட்சேபணை தள்ளப்பட்டுவிட்டது. ஏற்றதைத் திறப்பதற்கு விதியில் இடமில்லை. சைக்கிள் கடைக்காரருக்கு விலக்குக் கிடைத்திருந்தது. விடையின் கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது: இக்கோரிக்கை உரிய காலத்தில் வந்திருப்பின் பரிசீலிக்கப்பட்டிருக்கும். அந்த வாக்கியத்தை எழுதியவர் எவராயினும், உபசாரமாகவே எழுதியிருப்பார். ஸம்பத்குமார் அதைப் பலமுறை படித்தார்.

அதன்படி உத்தரவின் நகல் தயாராயிற்று. ராஜமாணிக்கம் அதை மேசைமேல் வைத்தார்.

"டவாலிகிட்ட அனுப்பிடறேன் ஸார். அந்தாளு வாங்கினு கையெழுத்து போட்டா போதும். நீங்க எதுக்கு அவ்ளோ தூரம் போயி பேஜாரு படணும்?"

"நான் எழுதறேன்னு சொன்னேன் ராஜமாணிக்கம். நானே கொண்டு போறேன்," என்றார். கையெழுத்திட்டார். எப்போதும்போல் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

கும்மிடிப்பூண்டியை அடைந்தபோது பிற்பகல். பெருஞ்சாலையோரத்தில் அந்தத் துண்டை அவர் முதன்முறையாகப் பார்த்தார். பார்த்ததும், காரிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். நான்கு சவுக்குக் கம்பங்கள் நடப்பட்டிருந்தன. அவற்றின்மேல் இரண்டு தகரங்கள் ஏறியிருந்தன. தேசப்பன் ஏணியில் நின்று மூன்றாவது தகரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். கீழிருந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி கங்கம்மா.

"வாங்க ஸார், வாங்க!" தேசப்பன் இறங்கி ஓடிவந்தார். "கங்கா, யாரு வந்துகீறாருன்னு பாரு! அந்தப் பொட்டியத் தொடச்சிப் போடு, ஸாரு ஒக்காரட்டும்."

"அந்த எழுத்து எழுதறேன்னு சொன்ன ஸாரா?" என்றார் கங்கம்மா. "இவரு தெனம் ஒங்களப் பத்திதான் பேசுவாரு ஸார். ஸாரே எழுதறேன்னாரு, இனி இன்னா பயம்னு சொல்லி, இருந்ததயெல்லாம் தகரமா வாங்கிட்டாரு. பேப்பரு வரட்டும்யான்னு நான் தலபாடா அட்ச்சிக்கினேன்."

"இவ ஒருத்தி. ஸாரே நேர்ல வந்துகீறாரு. கெட்ட சேதின்னா டவாலி கையில அனுப்பிட்டிருக்க மாட்டாரா? இல்லயா ஸார்?"

ஸம்பத்குமார் உட்காரவில்லை. வழியெல்லாம் அமைத்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட உதவவில்லை.

"அனுமதி கிடைக்கலை, தேசப்பன். என் கடிதம் தாமதமாப் போச்சு. நான்தான் தாமதிச்சேன். இந்த இடம் பேட்டையோட சேர்ந்துடுத்து."

கங்கம்மா கையிலிருந்த தகரத்தை மெல்லத் தரையில் சாய்த்தார். ஒரு லாரி போயிற்று; அதன் பின்னே இன்னொன்று. தேசப்பன் கம்பங்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் மேல கீறவங்க செஞ்சது. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"இல்லை. நான் அன்னிக்கே ஒரு வரியை அடிச்சிருக்கலாம். அடிக்கலை."

தேசப்பன் தரையில் சாய்ந்திருந்த தகரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "ஸார், அன்னிக்கு நான் சொல்லலாம்னு வந்தத, ஒரு தபா சொல்லிக்கட்டுமா? எழுத வோணாம். சும்மா," என்றார்.

"சொல்லுங்கோ."

தேசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். விசாரணை அறையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

"ஸார், பேட்ட வர வோணாம்னு நான் சொல்லல. வரட்டும். வந்தா லாரி வரும். லாரி வந்தா இடிக்கும், நசுங்கும். அதத் தட்றதுக்கு ரோட்டு மேல ஒரு ஆளு வோணும். அந்த ஆளு நானா இருந்துட்டுப் போறேன். இந்தத் துண்டுல நீங்க பேக்டரி கட்ட முடியாது ஸார், நீட்டந்தான் கீது, அகலம் இல்ல. எனுக்கு அது போதும். அவ்ளோதான் ஸார்."

அவ்வளவுதான். சைக்கிள் கடைக்காரர் சொன்னதைவிடச் சுருக்கம், அதைவிட நியாயம். மறுக்க அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதை ஸம்பத்குமார் நின்றபடியே உணர்ந்தார். எழுதியிருந்தால் நான்கு வரி.

"கேட்டுட்டேன்," என்றார்.

"சரி ஸார்."

ஸம்பத்குமார் உறையைப் பிரித்து, கையெழுத்திட்ட உத்தரவை வெளியே எடுத்தார். தேசப்பன் வலக்கையை வேட்டியில் இருமுறை துடைத்துக்கொண்டு நீட்டினார். ஸம்பத்குமார் அதை இரு கைகளாலும் கொடுத்தார்.